பாடுதற்குரிய மொழி எது?

"இசைக்கு மொழி இல்லை, இசையே ஒரு மொழி" என்று கூறுவார் ஒரு சாரார். "இசைக்கு உரிய மொழி தெலுங்கும் வடமொழியுமே; தமிழ் அதற்கு ஏலாது" என்று கூறுவார் மற்றொரு சாரார். இவ்விரண்டும் ஒன்றையொன்று வெட்டும் கூற்றுக்கள். ஆயினும், இரண்டையும் ஒருவரே ஒரே மூச்சில் கூறக் கேட்கின்றோம்! "தமிழ்ப்பாட்டு வேண்டும்" என்று கேட்டால், "பாட்டிலே மொழியையா பார்ப்பது?" என்கின்றார். "நன்று, மொழி வேண்டாவெனின் தமிழிலேயே பாடலாமே" என்றால், "தமிழில் அந்தக் குழைவு வருமா?" என்கின்றார். முன்வாசலில் துரத்தினால் பின்வாசலில் நுழையும் வாதம் இது.

1941இல் அண்ணாமலை நகரில் தமிழிசை மாநாடு கூடியபோதும், 1943இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் தோன்றியபோதும் இவ்வாதமே எழுந்தது. எண்பது ஆண்டுகள் கடந்தன. இன்றும் தமிழ்ப்பாட்டைக் கச்சேரியின் கடைசியில், அவை எழுந்து செருப்பைத் தேடும் நேரத்தில், துக்கடா என்னும் பெயரால் பாடி முடிப்போர் நம்மிடையே உளர். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் இசை பயிலும் தமிழ்க் குழந்தைகளுள் எத்தனையோ பேர் பொருள் அறியாத சொற்களை எழுத்தெழுத்தாக மனப்பாடம் செய்து மேடையேறுகின்றனர். என்ன பாடினாய் என்று கேட்டால் இராகத்தின் பெயரைச் சொல்லும் குழந்தை, பாட்டின் பொருளைச் சொல்ல இயலாமல் தலை குனிகின்றது. அக்குழந்தை செய்த குற்றம் யாது?

இவ்வழக்கை நம் நாட்டு வித்துவான்களிடமே விட்டால் முடிவு காண்பது அரிது. ஒவ்வொருவரும் கட்சிக்காரராக இருக்கின்றனர். ஆகவே, நம்மவர் எவருக்கும் உறவோ பகையோ இல்லாத ஒரு மன்றத்திற்கு இதனைக் கொண்டு செல்வோம். ஐரோப்பியர் ஆப்பரா என்று அழைக்கும் இசை நாடகத்தின் வரலாறே அம்மன்றம். பாடுதற்குரிய மொழி எது என்னும் கேள்வி அங்கே நானூறு ஆண்டுகளாக வழக்காடப்பட்டது, தீர்ப்பும் கூறப்பட்டுவிட்டது.

சொல்லுக்காகப் பிறந்த கலை

ஆப்பரா ஏன் பிறந்தது? பதினாறாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இத்தாலியின் பிளாரன்ஸ் நகரில் பார்தி என்னும் பிரபுவின் இல்லத்தில் புலவரும் இசைவாணரும் கூடி ஆராய்ந்தனர். அவர்களுள் ஒருவர் வின்சென்சோ கலிலி. வானநூல் வல்ல கலிலியோவின் தந்தை. அவர் 1581இல் வெளியிட்ட உரையாடல் நூலில் அக்கால இசையின்மேல் ஒரு குற்றம் சாட்டினார். பல குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக வெவ்வேறு சொற்களை ஒரே நேரத்தில் பாடுவதால், பாட்டின் சொல் எவர் செவிக்கும் எட்டாமற் போகின்றது என்பதே அக்குற்றம். பண்டைக் கிரேக்கர் தம் நாடகங்களைப் பாடியே நடித்தனர் என்று அக்குழுவினர் எண்ணினர். சொல் தெளிவாக ஒலிக்க, இசை அதற்குத் துணை நிற்க வேண்டும் என்று விரும்பினர். அவ்விருப்பத்தின் பயனாக ரினுச்சினி என்னும் கவிஞர் பாட்டெழுத, பேரி என்பார் இசையமைத்த 'யூரிடிச்சே' 1600இல், பிரெஞ்சு மன்னன் நான்காம் ஹென்றிக்கும் மேதிச்சி குலத்து மரியாவுக்கும் நடந்த திருமணத்தையொட்டி, பிளாரன்ஸ் அரண்மனையில் அரங்கேறியது. முழுமையாக நமக்குக் கிடைத்துள்ள ஆப்பராக்களுள் மிகப் பழையது அதுவே. பேச்சையே இசையால் ஒற்றிக் காட்டுவது தம் நோக்கம் என்று பேரி அதன் முன்னுரையில் விளக்கினார்.

ஈண்டு இரண்டு செய்திகளைக் குறித்துக் கொள்க. ஒன்று: சொல் கேட்கவேண்டும் என்பதற்காகவே இக்கலை பிறந்தது. மற்றொன்று: அக்காலத்தில் கோயிலுக்கும் கல்விக்கும் உரிய புனித மொழி இலத்தீன். அப்புலவர்கள் இலத்தீனில் வல்லவர்கள். ஆயினும் தம் புதிய நாடகத்தை இலத்தீனில் இயற்றினார் அல்லர். தாம் வீட்டிலும் வீதியிலும் பேசிய இத்தாலிய மொழியில் இயற்றினர். புனித மொழியை விட்டு மக்கள் மொழியைப் பற்றியதே ஆப்பராவின் முதற் செயல். நம் நாட்டில் "மேனாட்டுச் சங்கீதத்தைப் பாருங்கள்" என்று எடுத்துக் காட்டும் அன்பர்கள் இம்முதற் செயலை மட்டும் பார்ப்பதில்லை.

1637இல் வெனிஸ் நகரில் சான் காசியானோ என்னும் அரங்கு திறக்கப்பட்டது. நுழைவுச் சீட்டு வாங்கிய எவரும் ஆப்பரா காணலாம் என்ற நிலை அன்று பிறந்தது. அரண்மனைக் கதவு உடைந்தது. அவ்வரங்குகளில் நாடகப் பாடல்களைச் சிறு நூலாக அச்சிட்டு விற்றனர். காண்போர் சிறு மெழுகுவர்த்தியை ஏற்றி வைத்துக்கொண்டு சொல்லைத் தொடர்ந்து படித்தனர். அந்நூல்கள் சிலவற்றில் மெழுகுத் துளிகள் இன்றும் காணப்படுகின்றன. தம் தாய்மொழிப் பாட்டையே ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்க விரும்பி விளக்கேற்றிய மக்கள் அவர்கள். நாமோ, ஒரு சொல்லும் விளங்காமல் மூன்று மணி நேரம் தலையசைப்பதைப் பெருமையாகக் கொள்ளுகின்றோம்!

சொல் போனால் தொண்டை நிற்கும்

இத்தாலியர் தம் மொழியில் பாடி வெற்றி கண்டனர். அதனைக் கண்ட பிற நாட்டுச் சீமான்கள் என்ன செய்திருக்க வேண்டும்? அவ்வாறே தத்தம் மொழியில் பாடியிருக்க வேண்டும். அவர்கள் செய்தது வேறு. இத்தாலிய மொழியையே வருவித்துக் கொண்டனர். பாடுதற்குரிய மொழி இத்தாலியமே என்னும் நம்பிக்கை ஐரோப்பா முழுதும் பரவிற்று.

இலண்டனில் நடந்த கூத்தைக் கேளுங்கள். 1711இல் ஹாண்டெல் இயற்றிய 'ரினால்டோ' இத்தாலிய மொழியில் அரங்கேறியது. அதற்குச் சில ஆண்டுகள் முன்பே அந்நகரில் இத்தாலியப் பாடகரும் ஆங்கிலப் பாடகரும் ஒரே மேடையில் தத்தம் மொழியில் பாடிய ஆப்பராக்கள் நடந்தன. மன்னன் இத்தாலியத்தில் ஆணையிட, அடிமைகள் ஆங்கிலத்தில் மறுமொழி கூறினர்! கட்டுரையாசிரியர் அடிசன் இதனைத் தம் இதழில் நகையாடினார். பாதி விளங்குவதில் சலிப்புற்ற அவையோர், சிந்திக்கும் தொல்லையே வேண்டாவென்று முழுவதையும் விளங்காத மொழியில் வைத்துக்கொண்டனர் என்பது அவர் எழுதியதன் சாரம். முந்நூறு ஆண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அக்கட்டுரையை நம் சபாக்களின் வாசலில் இன்று ஒட்டினாலும் பொருந்தும்.

சொல் விளங்காதபோது கேட்போருக்கு எஞ்சுவது யாது? தொண்டை ஒன்றே. நாடகம் மறைந்தது, பாடகனின் தொண்டை தெய்வமாயிற்று. அத்தொண்டைக்காக மனிதர் செய்த கொடுமையை எழுதவும் கை நடுங்குகின்றது. கோயிலில் பெண் பாடலாகாது என்றது மதகுருக்களின் கட்டளை. போப்பின் ஆட்சிக்குட்பட்ட பகுதிகளில் பெண் மேடையேறுவதும் தடுக்கப்பட்டது. ஆகவே உயர்ந்த குரல் வேண்டிச் சிறுவர்களின் ஆண்மையை அறுத்தனர். குரல் உடையாமல் வளர்ந்த அவர்களுள் செனெசினோ, பரினெல்லி போன்ற ஒரு சிலர் செல்வத்தில் புரண்டனர். புகழ் பெறாத மற்றையோர் இருமையும் இழந்து வாடினர். பரினெல்லி 1782இல் இறந்தார். ஆனால் வழக்கம் எளிதில் இறக்கவில்லை. போப்பின் சிஸ்டைன் கோயிற் பாடகராக இருந்த மொரெஸ்கி என்பவரே இவ்வகையினருள் தனிக்குரல் இசைத்தட்டில் பதிவான ஒருவர். அவர் 1922வரை வாழ்ந்தார். புனிதம் என்னும் சொல்லுக்கு மனிதன் கொடுத்த விலை இது. கலையில் பொருளைத் துரத்திவிட்டு ஒலியை மட்டும் வழிபடுவோர் எங்கே போய் நிற்பர் என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இலண்டன் மக்கள் விடையளித்தனர். 1728இல் ஜான் கே என்பார் 'பிச்சைக்காரர் ஆப்பரா' என்னும் நாடகத்தை ஆங்கிலத்தில் அரங்கேற்றினார். தெருவில் வழங்கிய மெட்டுக்கள். கள்வரும் சிறைக்காவலருமே பாத்திரங்கள். முதலமைச்சர் வால்போலையும் விடாத கிண்டல். முதற் பருவத்திலேயே 62 இரவுகள் நடந்தது. சீமான்களின் பொருளால் நடந்து வந்த இத்தாலிய ஆப்பராக் கழகம் அதே ஆண்டில் நின்றது. அதன் தொடர்ச்சியாக ஜான் கே எழுதிய நாடகத்தை அரசினர் தடுத்தனர். விளங்காத மொழியில் பாடும்வரை அரசுக்கு அச்சமில்லை. விளங்கும் மொழியில் பாடியவுடன் தடை வருகின்றது. தாய்மொழிப் பாட்டின் வலிமையை நம்மவரைவிட அதிகாரிகள் நன்கு அறிவர்!

"ஏலாது" என்றோர் ஏமாந்த கதை

பிரான்சில் நடந்தது இன்னும் சுவையுடையது. பிரெஞ்சு மொழியில் ஆப்பராவை நிலைநாட்டியவர் யார்? லுல்லி என்பவர். அவர் பிளாரன்ஸ் நகரில் ஒரு மாவரைப்போனுக்கு மகனாகப் பிறந்த இத்தாலியர்! கினோ என்னும் பிரெஞ்சுக் கவிஞருடன் சேர்ந்து 1673 முதல் ஆண்டுதோறும் பிரெஞ்சு ஆப்பரா இயற்றினார். பிரெஞ்சு நாடக நடிகர் வசனம் உரைக்கும் ஏற்ற இறக்கத்தையே இசையாக்கினார். இத்தாலியில் பிறந்தவருக்கு இருந்த நம்பிக்கை பிரெஞ்சு அறிஞருக்கு இல்லாமற் போயிற்று. 1752இல் இத்தாலியக் குழுவொன்று பாரிசுக்கு வந்து பெர்கொலேசியின் 'வேலைக்காரி எசமானி' என்னும் நகைச்சுவை ஆப்பராவை நடித்தது. ஊரே இரண்டுபட்டது, துண்டு நூல்கள் மழையாகப் பொழிந்தன. பேரறிஞர் ரூசோ 1753இல் எழுதிய கடிதநூலில், பிரெஞ்சு மொழி பாட்டுக்கு ஏலாது, பிரெஞ்சுக்காரருக்கு இசை இல்லை, இருக்கவும் முடியாது என்று முடிவு கட்டினார்.

நிற்க. அதற்கு முந்தைய ஆண்டு 1752இல் பிரெஞ்சு மன்னன் பதினைந்தாம் லூயியின் முன்னிலையில் 'ஊர்க் குறிசொல்லி' என்னும் சிறிய ஆப்பரா அரங்கேறிப் பெரும் புகழ் பெற்றது. பாரிசு அரங்கில் அது பல பத்தாண்டுகள் நடிக்கப்பட்டது. அதன் மொழி பிரெஞ்சு. பாட்டும் மெட்டும் இயற்றியவர் யார் தெரியுமோ? அதே ரூசோ! தம் கையால் செய்து காட்டியதைத் தம் வாயால் முடியாது என்றார். பின்னர் 1774இல் குளுக் என்னும் ஜெர்மானியர் பாரிசில் பிரெஞ்சு ஆப்பரா இயற்றி அவையை வென்றார். 1875இல் பிசேயின் 'கார்மென்', 1902இல் தெபுசியின் 'பெல்லேயாசும் மெலிசாந்தும்' பிரெஞ்சில் பிறந்தன. ஏலாது என்ற கூற்று நூலகத்தில் உறங்குகின்றது. ஏலாத மொழியோ உலக அரங்கெங்கும் ஒலிக்கின்றது.

ஜெர்மன் மொழியையும் கரடுமுரடானது, பாட்டுக்கு உதவாது என்றனர். ஹாம்பர்க் நகரத்தார் 1678லேயே ஜெர்மன் ஆப்பராவுக்கெனப் பொது அரங்கு அமைத்தனர். ஆனால் மன்னர் அவைகளில் இத்தாலியமே கோலோச்சியது. வியன்னாவில் பேரரசர் இரண்டாம் ஜோசப் 1778இல் ஜெர்மன் இசை நாடகக் குழுவொன்றை ஏற்படுத்தினார். அதற்காக 1782இல் மோசார்ட் ஓர் ஆப்பரா இயற்றினார். மறு ஆண்டே அக்குழுவைக் கலைத்துவிட்டு இத்தாலியரை மீண்டும் அழைத்தனர். 1785இல் எழுதிய கடிதமொன்றில் மோசார்ட், ஜெர்மானியர் ஜெர்மன் மொழியில் சிந்திக்கவும் பாடவும் தொடங்கிவிட்டால் நாட்டுக்கு நீங்காத களங்கம் வந்துவிடுமே என்று மனம் நொந்து ஏளனம் செய்தார். 1791இல் அரண்மனை அரங்கை விட்டு, புறநகர் அரங்கொன்றில், எளிய மக்களின் முன்னிலையில், அவருடைய 'மந்திரப் புல்லாங்குழல்' ஜெர்மன் மொழியில் ஒலித்தது. அதன்பின் சில வாரங்களில் அவர் மறைந்தார். அவர் திறந்த வழியில் வெபரும் வாக்னரும் வந்தனர். பாட்டுக்கு உதவாத மொழி ஒரு நூற்றாண்டுக்குள் ஐரோப்பிய இசைக்கே அரசாயிற்று.

செக் மக்களின் வரலாறு நம் நெஞ்சைத் தொட வேண்டியது. பிராகு நகரில் ஆட்சிமொழி ஜெர்மன். செக் மொழி வேலைக்காரர் மொழி என்று இகழப்பட்டது. ஸ்மெத்தனா என்னும் இசைப்புலவர் ஜெர்மன் மொழியிலேயே கல்வி கற்றவர். வளர்ந்த பின்பே செக் மொழியை முயன்று பயின்றார். 1866இல் அவருடைய 'விற்கப்பட்ட மணமகள்' அரங்கேறியது. தமக்கென ஓர் அரங்கு வேண்டும் என்று செக் மக்கள் காசு காசாகத் திரட்டி நாடக மாளிகை எழுப்பினர். 1881 ஜூன் திங்களில் திறந்தனர். ஆகஸ்டில் அது தீக்கிரையாயிற்று. அழுதுகொண்டு உட்கார்ந்தனரா? இல்லை. மீண்டும் திரட்டினர், 1883இல் மீண்டும் திறந்தனர். அம்மேடையின் மேல், மக்கள் தமக்குத் தாமே தந்தது என்னும் பொருள்பட இரண்டே சொற்களைப் பொன்னெழுத்தில் பொறித்தனர். அதே நாட்டு யானாசெக் தெருவிலும் சந்தையிலும் மக்கள் பேசும் பேச்சின் தொனியைச் சுரக் குறியீட்டில் எழுதி எழுதிச் சேர்த்தார். 1904இல் அவருடைய 'யெனூபா' வெளிவந்தது. இத்தாலிய மெட்டில் செக் சொல்லை அடைத்தவர் அல்லர் அவர். செக் பேச்சிலிருந்தே புதிய இசையைக் கறந்தவர். ஒரு மொழியைப் பாட மறுப்போர் அம்மொழியை மட்டும் இழப்பதில்லை; அம்மொழியிலிருந்து பிறக்கவேண்டிய இசையையும் இழக்கின்றனர்.

மறுப்புரைகளுக்கு மறுமொழி

"இத்தாலிய மொழியில் சொற்கள் உயிரொலியில் முடிகின்றன, பாடுதற்கு எளிது" என்பர். உண்மை. எளிது என்பது வேறு; உரியது என்பது வேறு. உயிரொலியே அளவுகோலெனின் தமிழ்ப் பண்கள் எவ்வாறு பிறந்தன? தேவாரம் பாடிய நாவுக்கு மெய்யொலி தடையாயிற்றா?

"மோசார்ட்டின் 'பிகாரோவின் திருமணம்' இத்தாலியத்தில்தானே உள்ளது?" என்பர். ஆம். பிற மொழியில் நல்ல பாட்டுப் பிறக்காது என்று எவர் கூறினார்? நல்ல பாட்டு எம்மொழியில் இருப்பினும் கேட்போம். தம் மொழியைக் கடைசி வரிசையில் நிறுத்தும் அடிமைப் புத்தியே நாம் மறுப்பது.

"இன்று உலக அரங்குகள் மூல மொழியிலேயே பாடுகின்றனவே, இலண்டன் மக்கள் இத்தாலியம் கேட்கவில்லையா?" என்பர். கேட்கின்றனர். ஆனால் 1983இல் கனடாவின் டொராண்டோ நகரில் மேடைக்கு மேலே பாட்டின் மொழிபெயர்ப்பை ஒளியெழுத்தில் காட்டும் முறை புகுந்தது. இன்று பெரிய அரங்குகள் பலவற்றில் அது பரவிவிட்டது. ஏன்? மக்கள் பொருளை வேண்டினர். வெனிஸ் நகரத்தாரின் மெழுகுவர்த்தி மின்விளக்காயிற்று, அவ்வளவே. நம் கச்சேரி மேடையில் அந்த விளக்கும் உண்டா?

பொருளை வேண்டாத அவையும் இருந்தது. 1883இல் நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஆப்பரா மாளிகை திறப்பு விழாவில் 'பவுஸ்ட்' நடந்தது. மூலக்கதை ஜெர்மன், ஆப்பரா பிரெஞ்சு, பாடிய மொழி இத்தாலியம், தலைமைப் பாடகி சுவீடன் நாட்டவர், கேட்டவர் ஆங்கிலம் பேசுவோர்! பெட்டி பெட்டியாக அமர்ந்த கோடீசுவரர்க்கு நாடகம் விளங்கவேண்டிய தேவையில்லை. தாம் அமர்ந்திருப்பதைப் பிறர் கண்டால் போதும். விளங்காத மொழி யாருக்கு இன்பம் தருகின்றது என்பதை அறிய இந்த ஒரு காட்சி போதாதா?

தொலைவிற்கும் போக வேண்டா. 1880களில் பினாங்கிற்கு இந்தியாவிலிருந்து பார்சி நாடகக் குழுக்கள் வந்து இந்துஸ்தானியில் பாடி நடித்தன. இந்நாட்டு மக்கள் கண்டு மகிழ்ந்தனர். ஆயினும் இந்துஸ்தானியைக் கட்டிக்கொண்டு அழவில்லை. அம்முறையை எடுத்துத் தம் மலாய் மொழியில் பாடினர். பங்சாவான் பிறந்தது. குழுக்கள் பல தம் பெயரிலேயே ஆப்பரா என்னும் சொல்லைச் சூட்டிக்கொண்டன. அராபியக் கதையும் இந்தியக் கதையும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டும் மலாயில் பேசின. அதனைப் பக்கத்து வீட்டில் கண்ட நாம் என்ன கற்றோம்?

செய்யத்தக்கது

தெலுங்கின்மேல் நமக்குப் பகை இல்லை. தியாகையர்மேல் மனக்கசப்பும் இல்லை. அவர் திருவாரூரில் பிறந்து திருவையாற்றில் வாழ்ந்தவர். தம் இல்லத்து மொழியாகிய தெலுங்கில் உள்ளம் உருகிப் பாடினார். அவரைப் பின்பற்றுவது எவ்வாறு? அவர் சொற்களை விளங்காமல் ஒப்பிப்பதா? அவர் தம் தாய்மொழியில் பாடியதுபோல் நாம் நம் தாய்மொழியில் பாடுவதா? இத்தாலியரை மெய்யாகப் பின்பற்றியவர் இத்தாலியத்தை ஒப்பித்த இலண்டன் சீமான் அல்லர். செக் மொழியில் பாடிய ஸ்மெத்தனாவே.

முதலும் நமக்கு இல்லாமல் இல்லை. தியாகையர்க்கு முன்பே பிறந்த அருணாசலக் கவிராயர் இராமன் கதையைத் தமிழ் இசை நாடகமாக்கினார். கோபாலகிருஷ்ண பாரதியார், சேரியிற் பிறந்து கோயில் வாயிலில் தடுக்கப்பட்ட நந்தனாரை இசை நாடகத் தலைவராக்கினார். சங்கரதாஸ் சுவாமிகள் மேடை மேடையாகத் தமிழைப் பாட வைத்தார். இம்முதலை வைத்துக்கொண்டு வட்டிக்கு அலைவானேன்?

ஆகவே இந்நாட்டுத் தமிழ்ச் சபாக்களைக் கேட்கின்றோம். கச்சேரியின் நடுவிடத்தைத் தமிழுக்குத் தருக. துக்கடாத் திண்ணை வேண்டா. இசையாசிரியர்களைக் கேட்கின்றோம். எம்மொழிப் பாட்டாயினும் பொருள் சொல்லாமல் ஒரு வரியும் கற்பிக்காதீர்கள். கவிஞரையும் இசைவாணரையும் கேட்கின்றோம். ரப்பர்த் தோட்டத்தில் பால் வடித்தவனும் துறைமுகத்தில் மூட்டை தூக்கியவனும் பாடும் தமிழ் இசை நாடகம் எங்கே? கதைக்குப் பஞ்சமா, பண்ணுக்குப் பஞ்சமா, பாடும் வாய்க்குப் பஞ்சமா? துணிவுக்குத்தான் பஞ்சம்.

இனியும் "இசைக்கு மொழி இல்லை" என்று கூறும் அன்பர் எதிர்ப்பட்டால் அவரோடு சண்டையிட வேண்டா. "மிக நன்று ஐயா! மொழி இல்லையெனின் தமிழில் பாடுவதால் தங்களுக்குக் குறைவது ஒன்றும் இல்லை. கேட்கும் எங்களுக்கோ எல்லாம் கிடைக்கின்றது. ஆகவே, தமிழில் பாடுக!" என்று கைகூப்பிச் சொல்லுங்கள்.